ஆலப்புழைக் காயலில் கோடைக்கால ஒருநாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலப்புழையில் தென்னைநார் விரிப்புகளை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் கணக்கெழுதினேன். வேலையை முடித்துக்கொண்டு கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்ட பிறகும், பங்குனி பிறந்துவிட்டால் போதும், உறவினர்களும் பழைய நண்பர்களும் பிள்ளைகளின் விடுமுறைக்கு அங்கே போவதைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அதே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். படகுகளின் நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும் என்பதால் அவற்றை மட்டும் முதல் நாளே படகுத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆலப்புழா, குட்டநாடு, வேம்பநாடு, குமரகம்னு ஆளாளுக்கு ஒரு பேர் சொல்றாங்க. எல்லாம் ஒரே இடமா?

ஒரே நீரைச் சுற்றியுள்ள வெவ்வேறு இடங்கள். வேம்பநாடு என்பது காயலின் பெயர். தெற்கே ஆலப்புழையை ஒட்டித் தொடங்கி வடக்கே கொச்சியில் கடலைத் தொடும் அது சுமார் 96 கிலோமீட்டர் நீளமுள்ளது. இந்தியாவின் மிக நீளமான ஏரி என்று அதைத்தான் சொல்வார்கள். காயலின் மேற்குக் கரையில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே இருக்கும் நகரம் ஆலப்புழை. கிழக்குக் கரையில் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் குமரகம். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய ஆறுகள் காயலில் வந்து சேரும் தெற்குப் பகுதியில், வண்டலும் வயலும் வாய்க்காலுமாகப் பரந்து கிடக்கும் தாழ்நிலமே குட்டநாடு. நீங்கள் படங்களில் பார்த்து ஆசைப்படும் காட்சிகளில் பெரும்பகுதி குட்டநாட்டைச் சேர்ந்தது.

காயல்னா ஏரியா, ஆறா, இல்ல கடலா? தண்ணி உப்பா இருக்குமா?

நம் காயல்பட்டினத்தின் பெயரில் இருக்கும் காயல்தான் இதுவும். தமிழில் கழி, உப்பங்கழி என்றும் சொல்வோம். கடலோடு ஒரு வாய் வழியாகத் தொடர்புடைய, ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கின்ற நீர்நிலை அது. மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளம் உப்பைத் தள்ளிவிடுவதால் நீர் நன்னீராக இருக்கும். கோடையில் ஆறு மெலியும்போது கடல் உள்ளே ஏறும். வேம்பநாட்டில் அந்த உப்பை மறித்து ஓர் அணை கட்டியிருக்கிறார்கள் என்பதால், அணைக்குத் தெற்கே ஒரு சுவை, வடக்கே ஒரு சுவை. அதன் கதையைக் கீழே ஆகாயத்தாமரை பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

ஹவுஸ்போட் எடுக்காம ஒரே நாள்ல சுத்திப் பாக்க முடியுமா? அதுக்கு நிறைய காசு கேக்கறாங்க.

முடியும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் நேரே படகுவீட்டைப் பதிவு செய்துவிடுகிறவர்களிடமும் இதையே சொல்கிறேன். குட்டநாட்டில் நீர்தான் சாலை. கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகுகள் நம் ஊர்ப் பேருந்துகளைப் போல நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டு நாள் முழுவதும் ஓடுகின்றன. கட்டணமும் பேருந்துக் கட்டணம் போன்றதே. பள்ளி ஆசிரியையும், சந்தைக்குப் போய் வருபவரும், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டியும் உட்காரும் பலகையில் நீங்களும் உட்கார்ந்து போகலாம். படகுவீட்டின் மெத்தையிலிருந்து பார்ப்பதைவிட இந்த ஊரை நன்றாகப் பார்ப்பதற்கு அந்தப் பலகைதான் ஏற்றது என்பது ஒன்பது ஆண்டுகள் அதில் போய்வந்த எனது உறுதியான கருத்து.

படகுவீடு கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதான பெற்றோரோடு அமைதியாக ஓர் இரவு தங்க விரும்புகிறவர்களுக்கு அது நல்லதே. ஆனால் மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் படகுவீடுகள் கரையில் கட்டப்பட்டுவிடும். இரவில் காயல் வலை வீசுகிறவர்களுக்கு உரியது. எனவே ‘ராத்திரி முழுக்க மிதந்துகொண்டே போகலாம்’ என்ற எண்ணத்தில் பணம் கட்டாதீர்கள்.

அந்த கவர்ன்மென்ட் படகுல எங்க போய் ஏறணும்? முன்பதிவு பண்ணணுமா?

ஆலப்புழை நகரின் நடுவிலேயே, அரசுப் பேருந்து நிலையத்துக்கு மிக அருகில், வாடைக்கால்வாயின் ஓரத்தில் படகுத்துறை இருக்கிறது. ரயில் நிலையம் கடற்கரைப் பக்கம் இருப்பதால் அங்கிருந்து ஆட்டோவில் வர வேண்டும். பயணிகள் படகுக்கு முன்பதிவு தேவையில்லை. பேருந்தைப் போல ஏறி உட்கார்ந்து பயணச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். படகுகளின் பெயர்ப்பலகை பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். ஏறும் முன் ‘நெடுமுடியா, காவாலமா, கோட்டயமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நம் தமிழிலேயே கேட்டாலும் புரிந்துகொள்வார்கள்.

படகில் ஐந்து பணியாளர்கள் இருப்பார்கள். சீட்டுக் கொடுக்கும் மாஸ்டர், முன்னால் நின்று சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு, எஞ்சினோடு உட்கார்ந்திருக்கும் டிரைவர், கயிறு கட்ட இரண்டு லாஸ்கர்கள். ஸ்ராங்குக்கு வழி தெரியும், எஞ்சின் கையில் இல்லை. டிரைவரிடம் எஞ்சின் உண்டு, அவருக்கு வழி தெரியாது. ஆகவே ஸ்ராங்கு ஒரு கயிற்றை இழுத்து மணியடிக்க, அந்த ஓசையைக் கேட்டே டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பின்னோக்கி ஓட்டுவார். துறை நெருங்கும்போது மணி கேட்கும், எஞ்சின் அடங்கும், லாஸ்கர் கயிற்றோடு கரைக்குத் தாவிக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவார், இரண்டு பேர் இறங்குவார்கள், ஒரு கேஸ் சிலிண்டர் ஏறும், மறுபடி மணி. குழந்தைகளை முன்பக்கம் உட்கார வைத்தால் இதைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரத்தையும் கழித்துவிடுவார்கள்.

ஏப்ரல், மே வெயில்ல போறது சரியா? டிசம்பர்லதான் போகணும்ங்கறாங்களே?

டிசம்பரும் ஜனவரியும் இதமானவை, ஐயமில்லை. ஆனால் பள்ளி விடுமுறையைத்தானே நம்பியிருக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு டிகிரியைச் சுற்றியே இருக்கும். சேலத்தையும் மதுரையையும் பார்த்தவர்களுக்கு அது ஒரு வெயிலாகவே தோன்றாது. துன்புறுத்துவது காற்றிலுள்ள ஈரப்பதம். நிழலில் நின்றாலும் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். படகு ஓடும்போது காற்று வருவதால் தெரியாது, துறையில் காத்திருக்கும் அரைமணி நேரத்தில்தான் களைத்துப்போவீர்கள்.

ஆகவே விடியற்காலையில் தொடங்குங்கள். காலை ஆறரையிலிருந்து பதினொன்று வரையுள்ள பொழுதுதான் பயணத்தின் சாரம். நண்பகலைச் சாப்பாட்டுக்கும் பேருந்துப் பயணத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள். கோடையில் பிற்பகலுக்குப் பிறகு கிழக்கே மேகம் கூடி இடியும் மின்னலுமாக மழை பெய்வது அங்கே வழக்கம். அந்த நேரத்தில் திறந்த காயலின் நடுவே இருக்கக் கூடாது. விஷுவை ஒட்டிய நாட்களில் கேரளக் குடும்பங்களும் பெருமளவில் பயணம் செய்வதால் படகுகளில் நெரிசல் மிகுதி. அந்த வாரத்தைத் தவிர்க்க முடிந்தால் நல்லது.

எந்த வழியா போனா காயல், வாய்க்கால், தீவு எல்லாத்தையும் ஒரே நாள்ல பாக்கலாம்?

நான் எல்லோருக்கும் சொல்லும் சுற்று ஒன்று உண்டு. காலைப் படகில் ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குக் கிளம்புங்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். வாடைக்கால்வாயிலிருந்து புன்னமடைக் காயலுக்குள் நுழையும்போது, நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கும் இடத்தைக் கடப்பீர்கள். 1952இல் நேரு வந்தபோது நடந்த போட்டியைத் தொடர்ந்து உருவான விழா அது. பிறகு, காயலை அடைத்து உருவாக்கிய ஆர் பிளாக், சித்திரை போன்ற வயல்களின் ஓரமாகப் போய், கரையே தெரியாத அளவுக்கு விரிந்த நீரைக் கடந்து, காஞ்சிரம் அருகே ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் படகு புகும். அங்கே படகுக்காகத் தூக்கி வழிவிடும் சிறிய பாலங்கள் உண்டு. அவை பழுதாகும் காலங்களில் படகு காஞ்சிரத்தோடு நின்றுவிடும் என்பதால் முதல் நாளே விசாரிக்க வேண்டும்.

கோட்டயத்திலிருந்து குமரகத்துக்குப் பேருந்தில் அரைமணி, முக்கால்மணி. குமரகம் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள முகம்மாவுக்கு மற்றொரு பயணிகள் படகு, சுமார் நாற்பது நிமிடம். காயலை அதன் அகலத்தில் குறுக்காகக் கடக்கும் வழி இது. வழியில் பாதிராமணல் தீவு தெரியும். முகம்மாவிலிருந்து ஆலப்புழை பதினாறு கிலோமீட்டர், பேருந்து அடிக்கடி உண்டு. காலையில் கிளம்பினால், குமரகத்தில் சாப்பிட்டுவிட்டு, மழை மேகம் கூடும் முன் முகம்மாவில் கரையேறிவிடலாம்.

பேருந்து மாறி அலைய விரும்பாதவர்களுக்கு, அதே நீர்ப்போக்குவரத்துத் துறையின் சுற்றுலாப் படகான வேகா காலையில் ஆலப்புழையிலிருந்து கிளம்பி பாதிராமணல், குமரகம், ஆர் பிளாக் பக்கங்களைச் சுற்றிவிட்டு மாலைக்குள் அங்கேயே கொண்டுவந்து விடுகிறது. இதற்கு மட்டும் விடுமுறை நாட்களில் முன்கூட்டியே இடம் கேட்டுவைப்பது அவசியம்.

சென்னை வண்டி ஆலப்புழா வந்து சேரவே பத்து, பத்தரை மணிக்கு மேல ஆயிடுது. எங்களுக்கு என்ன வழி?

முன் பதிலில் சொன்ன சுற்று உங்களுக்கு ஆகாது. கையில் இருப்பது அரைநாள்தான் என்றால் நெடுமுடிக்குப் படகில் போய்விட்டுப் பேருந்தில் திரும்புங்கள். நெடுமுடி, ஆலப்புழை–சங்கனாசேரி சாலையின் மேலேயே இருப்பதால் திரும்பும் படகுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வழிப் பயணத்திலேயே கால்வாய், பம்பை ஆறு, வயல்வெளி மூன்றையும் பார்த்துவிடலாம். ஓர் இரவு தங்க முடிந்தால் அன்று மாலை கடற்கரைக்கும், 1862இல் எழுந்த கலங்கரை விளக்கத்துக்கும் போய்விட்டு, மறுநாள் விடியலில் கோட்டயம் படகைப் பிடியுங்கள்.

வயல் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்குன்னு சொல்றாங்களே, நெஜமாவா? படகுல இருந்தே தெரியுமா?

உண்மைதான், கண்ணால் பார்த்தால் மட்டுமே நம்பத்தோன்றும். குட்டநாட்டின் பல வயல்கள் கடல்மட்டத்துக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர் கீழே கிடக்கின்றன. காயலின் ஒரு பகுதியைச் சுற்றிச் சேற்றாலும் மூங்கிலாலும் தென்னங்கழிகளாலும் கரை எழுப்பி, உள்ளே உள்ள நீரை இறைத்து வெளியேற்றி, அடியிலுள்ள வண்டலில் நெல் விதைத்தார்கள். அப்படி அடைத்த ஒவ்வொரு பரப்பையும் பாடசேகரம் என்பார்கள். சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்ற பெயர்களில் இருக்கும் காயல்நிலங்கள் 1940களில் உருவானவை. கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிக்கும் இந்த முறையை உலக உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2013இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது.

குட்டநாட்டு ஊரான கைநகரியில் ஏதாவது ஒரு துறையில் இறங்கி, கரையின் மேல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இடப்பக்கம் ஆறு, உங்கள் பாதத்துக்கு ஒரு சாண் கீழே தளும்பிக்கொண்டிருக்கும். வலப்பக்கம் நெல், ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவே நீங்கள் நிற்கும் அந்த நான்கடி மண்கரையில்தான் வீடு, தென்னை, வாழை, ஆட்டுக்கொட்டகை, குழந்தை விளையாடும் முற்றம் எல்லாம். கரை ஓரிடத்தில் உடைந்தால் ஒரு பருவத்து நெல் மொத்தமும் போயிற்று. மழைக்காலத்தில் இரவில் விளக்கோடு கரையைச் சுற்றிவரும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நீரை இறைக்க இன்றும் சில இடங்களில் ‘பெட்டியும் பறையும்’ என்ற பழைய மரப் பொறியைப் பயன்படுத்துகிறார்கள். மோட்டாரால் சுழலும் விசிறி ஒன்று, பீப்பாய் போன்ற பறையின் வழியாக வயல்நீரை மேலேற்றி, பெட்டி வழியாக ஆற்றில் கொட்டும்.

கோடைப் பயணிகளுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. புஞ்சைப் பருவத்து நெல்லின் அறுவடை மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடக்கும். புஞ்சை என்றால் அங்கே நம் ஊர் மானாவாரி அல்ல, நீரை இறைத்துவிட்டுச் செய்யும் முதன்மைப் பயிரே அது. அறுவடை இயந்திரத்தைத் தெப்பத்தில் ஏற்றிக் காயல் வழியாகக் கொண்டுபோவதையும், நெல்மூட்டைகளை நிரப்பிக்கொண்டு விளிம்பு நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து வரும் வள்ளங்களையும் அப்போது காணலாம். அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டங்களை இறக்கிவிடுவார்கள். ஆலப்புழை–சங்கனாசேரி சாலையில் வரும் மங்கொம்பு, கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதனின் முன்னோர் ஊர். அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘உமா’ என்ற ரகம் குட்டநாடு எங்கும் பயிராகிறது.

வழியெல்லாம் ஆகாயத்தாமரையா மண்டிக் கிடக்கே. ஏன் யாரும் அள்ள மாட்டேங்கறாங்க?

அள்ளிக்கொண்டேதான் இருக்கிறார்கள், அள்ளித் தீரவில்லை. காயல் பற்றிய பதிலில் சொன்ன அணைதான் காரணங்களில் பெரியது. தண்ணீர்முக்கத்திலிருந்து வெச்சூர் வரை சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர் நீளத்துக்குக் காயலுக்குக் குறுக்கே கட்டப்பட்ட அந்த அணை 1976இல் பயன்பாட்டுக்கு வந்தது. கோடையில் உப்புநீர் தெற்கே ஏறி நெல்லைக் கெடுக்காமல் இருக்க, டிசம்பர் நடுவில் கதவுகளை மூடி மார்ச் நடுவில் திறக்க வேண்டும் என்பது முறை. விதைப்பு தள்ளிப்போய் அறுவடையும் தள்ளிப்போகும் ஆண்டுகளில் திறப்பும் ஏப்ரல், மே என்று தள்ளிப்போகும்.

ஆகாயத்தாமரைக்கு உப்பு ஆகாது. முற்காலத்தில் ஆண்டுதோறும் கடல் உள்ளே வந்து கழுவிவிட்டுப் போன களைகள், இப்போது தேங்கிய நன்னீரில் வயலின் உரச்சத்தும் சேரச் செழித்து வளர்கின்றன. அணைக்குத் தெற்கே மீன்வளமும் குறைந்தது, உப்பும் இனிப்பும் கலந்த நீரை நம்பி வாழும் கறுப்பு மட்டியும் பாதிக்கப்பட்டது. விவசாயிக்குக் கதவு மூடியிருக்க வேண்டும், மீனவருக்குத் திறந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே கரையில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பவர்கள். நான் அங்கிருந்த ஆண்டுகளில் தேநீர்க்கடையில் இந்தப் பேச்சு எழாத கோடை ஒன்றுகூட இல்லை.

உங்கள் பயணத்துக்கு இதன் பொருள்: களை அடர்ந்த வாய்க்காலில் படகின் விசிறியில் தண்டுகள் சுற்றிக்கொள்ளும். லாஸ்கர் குனிந்து அதை அறுத்தெறியும் வரை பத்து நிமிடம் நிற்க நேரும். சில நாட்களில் சிறு வழித்தடங்கள் நின்றுபோவதும் உண்டு. இணைப்பு ரயிலைப் பிடிக்க நெருக்கடியான நேரக் கணக்குப் போடாதீர்கள்.

தீவுல எறங்கி நடக்கலாமா? எது நல்ல தீவு?

பாதிராமணலில் இறங்கலாம். முகம்மா கரையிலிருந்து படகு வாடகைக்குக் கிடைக்கும். பாதிரா என்றால் நள்ளிரவு. அந்தி வழிபாட்டுக்கு நீரில் இறங்கிய இளைஞன் ஒருவனுக்காகக் காயல் விலகி நிலம் எழுந்தது என்று அத்தீவைப் பற்றிக் கதை சொல்வார்கள். இப்போது யாரும் குடியில்லை. மரங்கள் கவிந்த ஒற்றையடிப் பாதையும், பறவைகளின் குரலும், ஈரநிலச் செடிகளும் மட்டுமே. வலசைப் பறவைகள் கோடைக்குள் போய்விடும் என்றாலும், நீர்க்காகமும் கொக்கும் மீன்கொத்தியும் எப்போதும் இருக்கும். கடையோ குடிநீரோ எதிர்பார்க்க வேண்டாம், கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். படகுக்காரரைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொண்டு இறங்குவது முக்கியம்.

மனிதர் வாழும் தீவைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பளம் இருக்கிறது. வடக்கே, காயலின் நடுவில் தனி ஊராட்சியாகவே உள்ள பெரிய தீவு. தலைமுறை தலைமுறையாகப் படகை மட்டுமே நம்பி வாழ்ந்த ஊர். ஆனால் அது ஆலப்புழைச் சுற்றோடு ஒட்டாது, கொச்சியிலிருந்து வருபவர்களுக்கே வசதி. ஊர்ப்பெயர்களில் ‘துருத்து’ என்று வந்தால் தீவு என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஹவுஸ்போட் ஏஜென்ட் ‘உள்ள சின்ன சின்ன வாய்க்கால்ல எல்லாம் கூட்டிட்டுப் போறோம்’ங்கறார். நம்பலாமா?

பெரிய படகுவீடு சிறு வாய்க்காலுக்குள் நுழையாது, அதன் அகலமே இடம் கொடுக்காது. சிறு வாய்க்கால்களைப் பார்க்க ஷிகாரா என்கிற கூரையிட்ட சிறு படகையோ, கழியூன்றிச் செல்லும் நாட்டுவள்ளத்தையோ மணிக்கணக்கில் அமர்த்த வேண்டும். இரண்டு மணி நேரம் போதும். எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், எத்தனை பேர் என்பதைப் பேசி முடித்த பிறகே முன்பணம் கொடுங்கள். ரயில் நிலைய வாசலிலும் பேருந்து நிலையத்திலும் வந்து சூழும் இடைத்தரகர்களைத் தவிர்த்துவிட்டு நேரே துறைக்குப் போவது நல்லது. என் தம்பி குடும்பம் ஒருமுறை ஒரு தரகரிடம் படத்தைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு, வந்து நின்ற படகைக் கண்டு பிள்ளைகள் அழுததை நான் பார்த்தேன்.

படகுவீடு என்பது கெட்டுவள்ளத்தின் மறுவடிவம். அயினிப் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய சரக்குப் படகு அது. நெல்லும் கொப்பரையும் சாலை வழியே போகத் தொடங்கியதும் வேலையிழந்த வள்ளங்களுக்குக் கூரையிட்டு அறை அமைத்தார்கள். இன்று அவை மிகப் பெருகி, டீசலும் கழிவும் காயலில் கலப்பது பெரும் கவலையாகிவிட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002 முதல் இருக்கும் ஈரநிலம் இது. பொதுப்படகை நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மாவுக்கு எழுபது வயசு, சின்னவனுக்கு நாலு. படகு பாதுகாப்பா? பாத்ரூம் இருக்குமா?

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பயணிகள் படகில் கழிப்பறையை நம்ப வேண்டாம், துறையிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். ஏறி இறங்கும் இடத்தில் படகுக்கும் படிக்கும் இடையே ஒரு சிறு தாண்டல் இருக்கும். லாஸ்கர்கள் கைபிடித்து ஏற்றுவார்கள், அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் மெத்தனம் கூடாது. 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு வந்த பயணிகள் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய கூட்டம் அதில் ஏறியிருந்தது. 2023 மே 7 அன்று, இதே விடுமுறைக் காலத்தில், மலப்புரம் மாவட்டம் தானூரில் அந்திக்குப் பிறகு கிளம்பிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். கவி குமாரன் ஆசான் 1924இல் பல்லனையில் இறந்ததும் படகு கவிழ்ந்துதான். ஆகவே மூன்று விதிகளை என் வீட்டாருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். கூட்டம் நிறைந்த படகை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறு. உயிர்காப்பு மேலங்கி எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்தவுடன் பார், வாடகைப் படகென்றால் குழந்தைக்கு முதலிலேயே அணிவி. பொழுது சாய்ந்த பிறகு எந்தச் சுற்றுலாப் படகிலும் ஏறாதே. காயல் ஆழம் குறைந்தது என்பது உண்மைதான், ஆனால் ஆழமில்லாத நீரில் காற்றடித்தால் அலை சட்டென்று எழும். அடியில் இருப்பது மணல் அல்ல, சேறு.

அப்போ குளிக்கக் கூடாதா?

கூடாது. மேலே சொன்ன சேறே போதுமான காரணம். கோடையில் நீர் தேங்கித் தரமும் குறைந்திருக்கும். நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருந்தும் குட்டநாட்டு வீடுகளில் பல, குடிநீரைக் குடத்தில் தூக்கிவந்தும் விலைக்கு வாங்கியும்தான் கோடையைக் கழிக்கின்றன. உங்கள் குடிநீரை ஆலப்புழையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கரை வீடுகளில் கேட்காதீர்கள். கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

நாங்க சைவம். சாப்பாட்டுக்குக் கஷ்டமாயிடுமா?

ஆலப்புழை, கோட்டயம் இரண்டு ஊர்களிலும் நல்ல சைவ உணவகங்கள் உண்டு. நடுவே குட்டநாட்டில் அரிது, எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ கட்டிக்கொண்டு போங்கள். அசைவர்கள் கரிமீன் பொள்ளிச்சது, கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும், வாத்துக்கறி ஆகியவற்றைக் கேட்டுச் சாப்பிடுங்கள். கள்ளுக்கடை என்று பலகை இருந்தாலும் சாப்பாட்டுக்கென்றே குடும்பங்கள் போகும் கடைகள் அங்கே பல, தனி அறைகளும் இருக்கும், தயங்க வேண்டாம்.

வைக்கத்துல பெரியார் நினைவகம் இருக்காமே. அதே நாள்ல சேத்துப் பாக்க முடியுமா?

முடியும், ஆனால் முகம்மாப் படகைக் கைவிட வேண்டும். குமரகத்திலிருந்து வெச்சூர் வழியாக வைக்கத்துக்குச் சாலைப் பயணம், இருபது கிலோமீட்டரை ஒட்டி. கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924இல் தொடங்கிய சத்தியாகிரகத்தில் பெரியார் சிறைப்பட்டார். அவரை முதலில் அடைத்துவைத்த அரூக்குற்றியும் இதே காயலின் கரையில்தான் இருக்கிறது. தமிழ்நாடு அரசு புதுப்பித்த நினைவகமும் நூலகமும் 2024 டிசம்பர் 12 அன்று திறக்கப்பட்டன.

அங்கிருந்து திரும்பும்போது வைக்கம் துறையில் தவணக்கடவுப் படகில் ஏறுங்கள். 2017இல் ஓடத் தொடங்கிய, இந்தியாவின் முதல் சூரியவிசைப் பயணிகள் படகான ‘ஆதித்யா’ இந்தத் தடத்துக்கே உரியது. எஞ்சின் இரைச்சல் இல்லாமல் காயலைக் கடக்கும் அந்தக் கால்மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவரின் பேச்சும் நீரின் சலசலப்பும் கேட்கும். எதிர்க்கரையிலிருந்து சேர்த்தலை வழியாக ஆலப்புழைக்குப் பேருந்து உண்டு.

கரையில பாத்திரம் தேய்க்கறவங்க, குளிக்கறவங்களை போட்டோ எடுக்கலாமா? ரொம்ப அழகா இருக்கு.

எடுக்காதீர்கள். வீட்டுக்குப் பின்கட்டு என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. அந்தப் படித்துறைதான் அடுப்படியும் குளியலறையும் வாசலும். நம் வீட்டுக் கொல்லையில் அம்மா துணி துவைப்பதை ஒரு நாளைக்கு நூறு படகுகளிலிருந்து படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? பயணிகள் படகு வரும்போது அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சுற்றுலாப் படகு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அந்த வேறுபாட்டை முதல் மாதத்திலேயே கவனித்தேன். படகில் எதிரே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்து, கேட்டு எடுத்தால் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

மே கடைசி வாரம்தான் லீவு கெடைக்குது. போகலாமா?

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1ஐ ஒட்டிக் கேரளத்தில் தொடங்கும், சில ஆண்டுகளில் ஒரு வாரம் முந்தும். மே 20க்குப் பிறகு போவதானால் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, திரும்பப்பெறக்கூடிய வகையில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

உள்ள எங்கயாவது எறங்கி நடந்துட்டு, திரும்பற படகை விட்டுட்டா என்ன பண்றது?

நெடுமுடி, மங்கொம்பு போன்ற சாலையோர ஊர்களென்றால் கவலையில்லை. சாலையே இல்லாத துறையில் இறங்குவதானால், இறங்கும்போதே ‘கடைசிப் படகு எப்போது’ என்று மாஸ்டரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் படகுக்கு முந்தியதைப் பிடிக்க எண்ணுங்கள்.

ஒருமுறை கைநகரியில் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போய்விட்டுப் பேச்சு வளர்ந்ததில் நான் படகை விட்டுவிட்டேன். துறையில் விளக்குகூட இல்லை. எதிர்க்கரையில் அரிசி களைந்துகொண்டிருந்த ஒரு சேச்சி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். அவருடைய மகன் வள்ளத்தை அவிழ்த்துக்கொண்டு வந்து, அரைமணி நேரம் கழியூன்றி, பேருந்து வரும் சாலைப் பாலத்தடியில் இறக்கிவிட்டான். பணத்தை நீட்டியபோது வாங்கவில்லை. ‘அடுத்த தடவை மணி கேட்டதும் ஓடி வாங்க சேட்டா’ என்று மட்டும் சொல்லிவிட்டு வள்ளத்தைத் திருப்பினான்.